போட்டிக் கடைக்காரர்கள் காக்கும் விதி

மேடை விளக்கு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எஸ்டா என்று சொன்னால் முழிப்பார்கள். டிஎம்எக்ஸ் என்றால் உடனே தெரியும். விளக்குகளை இயக்கும் பலகையான கன்சோலில் இருந்து விளக்குகளுக்குக் கட்டளை எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் விதி அது. ஒரே கேபிளில் 512 சேனல். அந்த விதியைப் பராமரிப்பது எஸ்டா என்கிற வர்த்தக சங்கம்.

சங்கம் பிறந்ததில் கலைத்தொண்டு எல்லாம் ஒன்றும் கிடையாது. 1987-ல் அமெரிக்காவில் நாடக மேடைச் சாமான்கள் விற்கிறவர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அப்போது பெயர் தியேட்ரிக்கல் டீலர்ஸ் அசோசியேஷன். கருவி தயாரிப்பவர்கள், வாடகைக்கு விடுபவர்கள் என்று வேறு பலரும் உள்ளே வந்ததும் என்டர்டெயின்மென்ட் சர்வீசஸ் அண்ட் டெக்னாலஜி அசோசியேஷன் என்று பெயர் நீண்டது. அதன் சுருக்கம்தான் எஸ்டா.

டிஎம்எக்ஸை உருவாக்கியது இவர்கள் இல்லை. யுஎஸ்ஐடிடி என்ற மேடைத் தொழில்நுட்ப அமைப்பு 1986-ல் கொண்டுவந்து, 1990-ல் திருத்தியது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தனி முறை. ஒருவருடைய கன்சோல், விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்னொருவருடைய டிம்மரோடு பேசாது. விற்கிறவருக்கு அது லாபம்தான், ஒருமுறை வாங்கியவர் வேறு கடைக்குப் போக முடியாதே. அந்த லாபத்தை விட்டுக்கொடுக்கப் போட்டியாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

1998-ல் திருத்த வேலை எஸ்டாவின் கைக்கு வந்தது. அமெரிக்கத் தேசியத் தரமாக, அந்நாட்டுத் தர அமைப்பான ஆன்சியின் ஒப்புதல் கிடைத்தது 2004-ல். ஒரு கேபிள் விதிக்கு ஆறு வருடமா என்று கேட்கலாம். வாடகைக் கிடங்கில் வேலை செய்தவர்கள் கேட்க மாட்டார்கள். பதினைந்து வருடப் பழைய டிம்மரும் நேற்று வந்த, தானே திரும்பும் மூவிங் லைட்டும் ஒரே லைனில் தொங்கும். புது விதி வந்ததும் பழையது செத்துப்போனால் கிடங்கில் பாதி குப்பைதான்.

கேபிள் முனையில் எக்ஸ்எல்ஆர் என்ற வட்டக் கனெக்டர் போட்டால் அது ஐந்து பின்தான் என்கிறது விதி. ஆனால் மலிவான விளக்குகள் மூன்று பின்னோடு வந்து குவிகின்றன. மூன்று பின் என்றதும் யாராவது இதற்கு ஏற்றதல்லாத மைக் கேபிளை எடுத்துச் சொருகிவிடுவார்கள். சின்ன மேடையில் ஓடிவிடும், அதுதான் வினையே. பெரிய அரங்கில் நீளமாக இழுத்து, கடைசியில் சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டரும் போடாமல் விட்டால், ஒத்திகை முழுக்க ஒழுங்காக இருந்த விளக்கு நிகழ்ச்சியின் நடுவில் துடிக்கும். எல்லோரும் கன்சோல்காரரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

விதியில் எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. போன கட்டளை சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்கும் பிழை சோதனை டிஎம்எக்ஸில் கட்டாயம் இல்லை. அதனால் ஆபத்தான வேலைகளுக்கு அது ஏற்றதல்ல என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒரு தயாரிப்பில் நடிகர் நிற்கும் மேடை லிஃப்டையும் விளக்கு மாறும் கட்டளையான லைட் க்யூவோடு சேர்த்து ஓட்டச் சொன்னார் இயக்குநர். முடியாது என்றால் சோம்பேறித்தனம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். ஒரு நிமிடம் படித்தார், "சரி, லிஃப்டுக்குத் தனி ஆள் போடுங்கள்" என்றார். ஆவணம் இலவசமாகவே கிடைப்பதால், விவாதத்தை அங்கேயே போனில் முடிக்க முடிகிறது.

சங்க அரசியலும் நடந்தது. இங்கிலாந்தில் இதே துறையில் இருந்த பிளாசா என்ற சங்கத்தோடு இணைந்தார்கள், சில வருடத்தில் பிரிந்தார்கள். (அந்த பிளாசா 1976-ல் டிஸ்கோ கருவி தயாரிப்பாளர்கள் சங்கமாகப் பிறந்தது என்பது தனிச் சுவை.) கேபிள் இழுக்கிறவர்களுக்கு அந்தச் சண்டையால் எதுவும் மாறவில்லை. மேடைக்கு மேலே கருவிகளைத் தொங்கவிடும் ரிக்கிங், மின்வேலை ஆகியவற்றைச் செய்கிறவர்களுக்கான ஈடிசிபி சான்றிதழ் தேர்வும், நோயாலோ விபத்தாலோ முடங்கிய தொழிலாளர்களுக்கு உதவும் பிஹைண்ட் தி சீன்ஸ் அறக்கட்டளையும் இந்தச் சங்கம் தொடங்கியவைதான். அவை மாற்றியது நிறைய.

ஒரு குறை உண்டு. உறுப்பினர்களில் பெரும்பாலும் கம்பெனிகள்தான். ஆனாலும் விதி வரைவைப் பொதுப் பார்வைக்கு வைக்கும்போது யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். வந்த கருத்தைக் குழு பரிசீலித்துப் பதில் சொல்லியாக வேண்டும். ஏணியில் ஏறி விளக்கு மாட்டுகிறவர் எழுதினாலும் அதே நடைமுறைதான். எழுதுகிற ஆட்கள்தான் குறைவு.