கொள்முதல் செயலி நாட்குறிப்பு: ஜாங்கோவில் பதிவு அழியும்போது

ஜனவரி 19, மன்னார்குடி

சம்பா அறுவடை நேரம். நெல் கொள்முதல் செயலி ஓடுவது ஜாங்கோவில், அதாவது பைதான் மொழியின் வலைச் செயலிக் கட்டமைப்பில். ஒரே விவசாயி இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றை அழித்தாக வேண்டும். ரசீது மாடலில் (அட்டவணையின் வரையறை), விவசாயியைச் சுட்டும் புலத்தின் ஆன்_டிலீட் 'கேஸ்கேட்' (சார்ந்த பதிவுகளையும் சேர்த்து அழி) என்றிருந்தால், விவசாயியோடு அவருடைய 40 கிலோ சிப்பக் கணக்கும் போய்விடும். பணம் சம்பந்தப்பட்ட அட்டவணைக்கு, அழிக்கவிடாமல் தடுக்கும் 'ப்ரொடெக்ட்'தான் சரி. ரசீது ஒன்று இருந்தாலும் ப்ரொடெக்டட்எரர் என்ற பிழை வரும். ரசீதுகளைச் சரியான பதிவுக்கு மாற்றிய பிறகே அழிக்க முடியும். பட்டா நகல் படங்களுக்கு கேஸ்கேட் போதும்.

ஜனவரி 21

அந்தப் படங்கள்தான் இன்றைய வேலை. ஜாங்கோ 1.3 முதல், பதிவை அழித்தாலும் ஃபைல்ஃபீல்டின் (கோப்பைச் சுட்டும் புலம்) கோப்பு வட்டிலேயே கிடக்கும். மாடலின் டிலீட் மெத்தடைத் திருத்தி எழுதினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். அட்மினில் (ஜாங்கோவின் நிர்வாகப் பக்கம்) பலவற்றைத் தேர்ந்து அழித்தாலும், கேஸ்கேடில் அழிந்தாலும் அந்த மெத்தட் ஓடாது. பதிவு அழிந்ததை ஜாங்கோ அறிவிக்கும் போஸ்ட்_டிலீட் சிக்னல் இரண்டிலும் பதிவுக்கு ஒருமுறை வரும்.

சிக்னல் வரும் நேரத்தில் டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் தரவுத்தள வேலை) முடிந்திருக்காது. அங்கேயே கோப்பை அழித்து, பிறகு ரோல்பேக் ஆனால் (அந்த வேலை ரத்தானால்), பதிவு திரும்பிவிடும். பட்டா நகல் திரும்பாது. விவசாயியை மறுபடி அலையவிடுவது கொடுமை. அதனால் கோப்பழிப்பை, டிரான்சாக்ஷன் உறுதியான பிறகே ஓடும் ஆன்_கமிட்டுக்குள் வைக்க வேண்டும். இங்கேயும் கவனம் தேவை: அழிப்பு முடிந்ததும் ஜாங்கோ அந்த இன்ஸ்டன்ஸின் (பதிவைக் குறிக்கும் பைதான் பொருள்) பிகே-யை, அதாவது பதிவின் அடையாள எண்ணைக் காலியாக்கிவிடும். ஆன்_கமிட் ஓடும்போது இன்ஸ்டன்ஸைக் கேட்டால் எண் கிடைக்காமல் போகலாம். பிகே, கோப்புப் பெயர், ஸ்டோரேஜ் (கோப்பு இருக்கும் சேமிப்பிடம்) மூன்றையும் சிக்னலுக்குள்ளேயே தனி மாறிகளில் எடுத்துக்கொண்டு, அவற்றை மட்டும் ஆன்_கமிட்டுக்கு அனுப்ப வேண்டும்.

ஜனவரி 22

ரிசீவர் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) இருக்கும் கோப்பை ஆப்கான்ஃபிக்கின் (செயலியின் அமைப்பு வகுப்பு) ரெடி மெத்தடில் இம்போர்ட் செய்யாவிட்டால் பிழைச்செய்தியே வராது, வேலையும் நடக்காது. இன்னொரு ஃபங்ஷனுக்குள் எழுதிய ரிசீவரும் அப்படித்தான்: ஜாங்கோ அதைப் பலவீனக் குறிப்பாக (நினைவகத்தில் பிடித்துவைக்காத சுட்டு) மட்டும் வைத்திருப்பதால் நினைவகத்திலிருந்து நழுவிவிடும்.

ஜனவரி 25

நேரடி எஸ்கியூஎல்லில் அழித்தால் சிக்னல் கிடையாது. பழைய குறுவைப் பதிவுகளைக் கழிக்கும்போது இதை மறக்கக்கூடாது. சிக்னல் மாட்டியிருந்தால் இன்னொரு விலையும் உண்டு: ஒரே டிலீட் கட்டளையில் முடிய வேண்டியதை, ஜாங்கோ பதிவுகள் எல்லாவற்றையும் நினைவகத்துக்கு ஏற்றித்தான் அழிக்கும். லட்சக்கணக்கில் இருந்தால் சர்வர் திணறும். குவெரிசெட்டை (தேடலில் வரும் பதிவுத் தொகுப்பு) முதல் 1000 என்று வெட்டி அதன்மேலேயே டிலீட் அழைத்தால் ஜாங்கோ மறுத்துவிடும். முதலில் 1000 பிகே-க்களைப் பட்டியலாக எடுத்து, அந்த பிகே-க்கள் உள்ள பதிவுகளை மட்டும் வடிகட்டி அழித்து, தீரும்வரை திரும்ப ஓட்ட வேண்டும்.