சி7 கட்டம்

தடைக்காலம் வந்தால் மண்டபத்தில் எங்கள் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் கரையில்தான். காலையில் கிழிந்த வலையைச் சரிசெய்வோம். மதியம் செஸ் போர்டு வெளியே வரும். இருபது வருடமாக ஆடுகிறேன். இந்த வருடம்தான் ஒரு விஷயம் உறைத்தது. உறைக்க வைத்தது எட்டாவது படிக்கும் என் அக்கா மகன்.

அன்றைக்கு எனக்குக் கறுப்பு. அவன் ராஜாவை விரட்ட ராணியை வெளியே கொண்டுபோனேன். பி5 கட்டத்தில் சும்மா நின்ற அவன் குதிரை சி7-க்குத் தாவி, அங்கிருந்த சிப்பாயையும் வெட்டியது. செக்! என் ராஜா இ8-ல், யானை ஏ8-ல், இரண்டும் அதே குதிரையின் பிடியில். ராஜாவை நகர்த்தியே ஆகவேண்டும், யானை போயிற்று.

"மாமா, ராணி டி8-ல இருந்த வரைக்கும் சி7-க்கு அதுதான் காவல். நீங்க எப்ப எடுப்பீங்கன்னு நாலு மூவா பாத்துக்கிட்டிருந்தேன்."

இதற்கு ஃபோர்க் என்று பெயர், அது எனக்கும் தெரியும். தெரியாதது அந்த நாலு மூவ் காத்திருப்பு. ஒரு காய் நகரும்போது போகிற இடத்தை மட்டுமே பார்த்து வந்திருக்கிறேன். விட்டுவந்த இடத்தைப் பார்த்ததே இல்லை.

'பின்' (pin) என்று ஒரு காயைக் கட்டிப்போடும் உத்தியைப் பற்றியும் சொன்னான். குதிரைக்குப் பின்னால் ராஜா நின்று, எதிரி மந்திரி (பிஷப்) அதே குறுக்குக் கோட்டில் இருந்தால் குதிரையை அசைக்கவே கூடாது, விதியே விடாது. பின்னால் இருப்பது ராணி என்றால் அசைக்கலாம், ராணி போகும், அவ்வளவுதான். ராணியை விடப் பெரியது கிடைக்குமானால் அசைக்கத்தான் வேண்டும் என்றான்.

அப்புறம் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன கடைசி ஆட்டத்தை அடுக்கிக் காட்டினான். எதிராளி டிங் லிரன் 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2-ல் வைக்கிறார். யானைக்கு யானை வெட்டு. அவர் மந்திரி ஏ8 மூலையில். குகேஷ் தன் மந்திரியை டி5-ல் எதிரே வைத்ததும் அதற்கு ஒதுங்க இடமே இல்லை. அதுவும் வெட்டுப்பட்டால், ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷுக்கே ஆட்டம். 18 வயதுப் பையன் அதைப் பார்த்த நொடியை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஜூன் 14 சாயங்காலம், ஐஸ் ஏற்றப் போகும் முன் கடைசி ஆட்டம். என் குதிரை டி4-ல். அவன் கை டி1 ராணிப் பக்கம் போனது. குதிரையைப் பார்த்தான், சி2-ஐப் பார்த்தான். கையை இழுத்துக்கொண்டு, யானையை ஒரு கட்டம் தள்ளி வைத்தான்.