செட்டில்ட் என்று ஒரு சொல்

ஜனவரி 8, 2025

மிஷினை நிறுத்திவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் என் சிபில் அறிக்கையை, அதாவது வாங்கிய கடனை எப்படிக் கட்டினேன் என்று சொல்லும் அறிக்கையை, முழுவதுமாகப் படித்தேன். மகள்தான் மொபைலில் எடுத்துக் கொடுத்தாள். பான் எண், ஓ.டி.பி., அவ்வளவுதான். இப்படி அறிக்கை தயாரிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 2017 முதல் இருக்கும் விதி. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் என்று மொத்தம் நான்கு நிறுவனங்கள். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்க மாட்டேன்.

என் மதிப்பெண் 587. குறைந்தது 300, அதிகபட்சம் 900. எண்ணை விட அதற்குக் கீழே இருந்த ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கிரெடிட் கார்டு கணக்குக்கு எதிரே 'செட்டில்ட்' என்று இருக்கிறது. 2021 கடைசியில் அந்த வங்கிக்காரர் போனில் பேசி, 68,000 பாக்கிக்கு 30,000 கட்டினால் போதும், கணக்கு முடிந்தது என்றார். கழுத்துச் சங்கிலியை விற்றுக் கட்டினேன். முடிந்தது என்றே மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். முழுசாகக் கட்டியவருக்கு 'க்ளோஸ்ட்' என்று வருமாம். 'செட்டில்ட்' என்றால், பாதியில் விட்டுவிட்டுப் போனவர் என்று அடுத்த வங்கிக்குச் சொல்லும் சொல். அன்றைக்கு ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

ஜனவரி 11

எப்படி இங்கே வந்து நின்றேன் என்று எழுதி வைக்கிறேன், எனக்காகவே.

2020 மார்ச்சில் ஊரடங்கு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகள் மூடின. நைட்டி தைத்துக் கொடுத்த பீஸ் கூலி நின்றது. ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். தள்ளுபடி என்று நினைத்துவிட்டேன், தள்ளிவைப்புதான். அந்த ஆறு மாத வட்டியும் அசலோடு சேர்ந்துகொண்டது. 2021 மே மாதம் என் வீட்டுக்காரருக்குக் கொரோனா. மருத்துவமனை பில் முழுக்க கார்டில் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், கொருக்குப்பேட்டையில் எங்கள் தையல் அறையில் முழங்கால் தண்ணீர். மூன்று மிஷின் மோட்டாரும் துருப்பிடித்தன. புது மிஷினுக்காக ஒரே வாரத்தில் நான்கு இடத்தில் லோன் கேட்டேன். நான்கு பேரும் என் அறிக்கையைப் பார்க்க, அந்த நான்கு விசாரணையும் பதிவாகி மதிப்பெண்ணை இன்னும் இழுத்தன. நாமே எடுத்துப் பார்ப்பதால் குறையாது. கடன் கொடுப்பவர் எடுத்துப் பார்த்தால்தான்.

இன்னொன்றும் கண்டேன். 2018-ல் வாங்கிய ஸ்கூட்டி லோனைக் கடைசித் தவணை வரை கட்டி, தடையில்லாச் சான்றும் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயரும் நீக்கியாயிற்று. அறிக்கையில் மட்டும் 4,130 ரூபாய் பாக்கி என்று நிற்கிறது. இது என் தவறே இல்லை. சான்றைப் போட்டோ எடுத்து, ஆன்லைனில் தகராறு பதிவு செய்தேன். கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் திருத்தாவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும்.

ஜனவரி 19

ஒருவர் வந்தார். 5,000 கொடுத்தால் பதினைந்து நாளில் மதிப்பெண்ணை 750 ஆக்கிவிடுவாராம். ஆதாரும் ஓ.டி.பி.யும் கேட்டார். வாசலோடு அனுப்பிவிட்டேன். உண்மையாகக் கட்டாத பாக்கியை யாராலும் அழிக்க முடியாது, தப்பாக ஏறியதைத்தான் திருத்த முடியும், அதையும் நாமே இலவசமாகச் செய்யலாம்.

பிப்ரவரி 7

ஸ்கூட்டி பாக்கி நீங்கிவிட்டது. 27 நாள் ஆனது.

மார்ச் 15

சீட்டு எடுத்தேன். ஏலத்தில் விட்டுக் கொடுத்த தள்ளு போக 41,500 கைக்கு வந்தது.

இந்தச் சீட்டில் ஐந்து வருஷமாக ஒரு மாதம்கூட நான் தவறியதில்லை. ஊரடங்கிலும் கட்டினேன், அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கட்டினேன். தண்டல் வாங்கினால் பத்தாயிரம் என்று எழுதி 8,500-தான் கையில் தருவார்கள், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். அதையும் தொண்ணூற்றெட்டாவது நாளே முடித்தவள் நான். தெருவில் யாரைக் கேட்டாலும், அந்தம்மா சொன்ன நாளில் கொடுக்கும் என்பார்கள். ஆனால் சீட்டும் தண்டலும் அடகுக் கடையும் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. தெருவில் சம்பாதித்த நல்ல பெயர் வங்கி வாசல்படி ஏறாது என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. இதை யாராவது மாற்ற வேண்டும்.

மார்ச் 18

வங்கிக்குப் போனேன். விட்டுக் கொடுத்த 38,000-ஐக் கட்ட வந்திருக்கிறேன் என்றதும், கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. எதற்கும்மா, அதுதான் முடிந்துவிட்டதே என்றாள். 'செட்டில்ட்' என்பதை 'க்ளோஸ்ட்' ஆக்க வேண்டும், நிலுவையில்லாச் சான்றும் வேண்டும் என்று எழுதிக் கொண்டு போன கடிதத்தைக் காட்டினேன். மேலதிகாரியிடம் போய் வந்தாள். பணம் கட்டும் முன்பே, இந்தத் தொகை கட்டினால் நிலை மாறும் என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டேன். போன தடவை வாய்வார்த்தையை நம்பியதால்தான் இந்தப் பாடு.

வீட்டில் மாமியாருக்குக் கோபம். விட்ட பணத்தை எவளாவது தேடிப்போய்க் கொடுப்பாளா என்றார். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் அவருடைய மகன் உயிர் பிழைத்தார்.

ஏப்ரல் 24

'க்ளோஸ்ட்' என்று மாறிவிட்டது. பழைய தாமதங்கள் அப்படியே தெரிகின்றன. 30, 60, 90 என்று நாள் கணக்கில் மாதம் மாதமாக. அவை போகாது. அதற்கு மேல் நல்ல மாதங்களைப் போட்டுக்கொண்டே வர வேண்டும்.

அதற்காக 20,000 ரூபாய்க்கு எஃப்.டி. போட்டு, அதன் பேரில் ஒரு கார்டு கேட்டேன். டெபாசிட்டே ஈடு என்பதால் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் தருகிறார்கள். வரம்பு 18,000. அதில் முப்பது சதவீதத்துக்குள், அதாவது 5,400-க்குள், செலவைப் பிடிக்க வேண்டும். கோடவுன் தெருவில் துணி எடுக்கும்போது மட்டும் இந்தக் கார்டு என்று முடிவு செய்தேன். பில் வந்தால் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருக்கும், அதைப் பார்க்கவே கூடாது. முன்பு அதை மட்டும் கட்டி மீதியை வளரவிட்டதுதான் என்னைக் கவிழ்த்தது. முழுத் தொகையும் தானாகப் போகும்படி வைத்துவிட்டேன்.

ஜூன் 22

மதிப்பெண் 641.

வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்தது. அதனால் மாற்றம் சீக்கிரம் தெரிகிறது.

ஜூலை 30

எதிர் வீட்டு அக்கா அழுதுகொண்டே வந்தாள். அவள் லோனுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு வசூல் ஆள் போன் செய்து, உன் அண்ணனிடம் சொல்வேன், ஆபீஸில் சொல்வேன் என்கிறானாம். எனக்கு 2021 ஞாபகம் வந்து உடம்பு நடுங்கியது. அன்று நான் போனை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுப் படுத்திருந்தேன்.

பயப்படாதேக்கா என்றேன். காலை எட்டுக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பின்பும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே எழுதி வைத்திருக்கிறது. இருவரும் உட்கார்ந்து, தேதி, நேரம், நம்பர் போட்டு, கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் புகார் எழுதினோம். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. கூடவே, பாதி கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடும் முன் என்னிடம் வா என்றேன். தவணைத் தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டச் சொல்லி முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

அக்டோபர் 27

தீபாவளி வேலை ஓய்ந்தது. 692.

சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனுக்காக வங்கி மேனேஜரைப் பார்த்தேன். சிசு பிரிவில் 50,000 வரை, ஈடு கிடையாது. ஒரு ஓவர்லாக் மிஷினுக்குப் போதும். திரையைப் பார்த்துவிட்டு, 2021-ல் என்னம்மா ஆச்சு என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். நிலுவையில்லாச் சான்றை எடுத்து வைத்தேன். இரண்டு பக்கமும் புரட்டிப் படித்தார். திரும்பிப் போய்க் கட்டினீர்களா என்றார். ஆமாம் சார் என்றேன்.

மிஷின் கொட்டேஷன் வாங்கிக் கொண்டு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை கடை திறந்ததும் போக வேண்டும். கார்டு பில் 3,260 இன்று மதியமே போய்விட்டது, மெசேஜ் வந்தது.