முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா?

நான் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறவள். ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், சுமாரான இன்டர்நெட் இருந்தால் போதும், இதற்குப் போய் மாதாமாதம் வாடகை கொடுத்து கோவொர்க்கிங் ஸ்பேஸ், அதாவது பல பேர் பகிர்ந்து வேலை செய்கிற ஆபீஸ், எதற்கு என்று ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். விருகம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மேல்மாடிக்கு ஒரு டப்பிங் கலைஞர் குடிவந்த பிறகுதான் புத்தி மாறியது. தங்கமான மனுஷி, ஆனால் வாரத்தில் மூன்று நாள் அழுது பழகுவார். ஒரு கதறல், ஒரு விசும்பல், நீளமாக ஒரு மூச்சு, அப்புறம் திரும்ப முதலிலிருந்து. கீழே நான் காமெடி படத்துக்கு வசனம் எழுதிக்கொண்டிருப்பேன்.

எந்த ஏரியா என்பதில் குழப்பமே இல்லை. வடபழனி, சாலிகிராமம் தாண்டிப் போனால் எனக்குப் பிழைப்பு ஓடாது. 1948-இல் ஏவிஎம் காரைக்குடியிலிருந்து வடபழனிக்கு வந்தது. விஜயா வாஹினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்றைக்கு மால் நிற்கிறது. பெரிய ஃப்ளோர்களில் வேலை குறைந்துவிட்டாலும், சாலிகிராமத்துச் சந்துகளில் போர்டுகூட இல்லாத வீடுகளின் முதல் மாடியில் எடிட்டிங், டப்பிங், மிக்ஸிங் என்று ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது என்கிறார்கள். எனக்குப் பாதிப் படங்கள் இன்னும் அசிஸ்டென்ட் எடிட்டர் பைக்கில் கொண்டுவந்து தரும் ஹார்ட் டிஸ்க்கில்தான் வருகின்றன. அவர் வந்து போகிற தூரத்தில் நான் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

முதலில் போனது வடபழனி மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம். பீன் பேக், டேபிள் டென்னிஸ், சுவர் முழுக்கச் செடி. டே பாஸ் 500 ரூபாய். காபி நன்றாக இருந்தது, ஏசி நன்றாக இருந்தது, நானும் நல்ல ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். பின்னாலிருந்து ஒரு குரல்: “சிஸ்டர், இது அந்த தீபாவளிப் படம்தானே? சாரோட கெட்டப்பே வேறயா இருக்கே!” திரும்பிப் பார்த்தால் கையில் காபிக் கப்போடு ஒருவர், முகமெல்லாம் சந்தோஷம். எனக்குக் கை கால் ஆடிவிட்டது. ரிலீஸாகாத படம். எனக்கு அனுப்பும் வீடியோவில் என் பெயர் வாட்டர்மார்க்காகக் குறுக்கே ஓடும், யாராவது செல்போனில் ஒரு படம் எடுத்து வெளியே விட்டால் முதலில் போன் வருவது எனக்குத்தான். வெளியே காட்ட மாட்டேன் என்று கையெழுத்து வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன். லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு மிச்சப் பொழுதைக் காபி குடித்துக் கழித்தேன்.

இதையே ஒரு ஐடி பார்க்கில் திறந்து வைத்திருந்தால் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்களோ என்னவோ. இங்கே பக்கத்து மேஜைக்காரர் போஸ்டர் டிசைனர், எதிரே இருப்பவர் யூடியூப் சேனல். ஒரு பிரேம் போதும், படத்தைச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு அப்புறம் எந்த இடத்துக்குப் போனாலும் என் முதல் கேள்வி, முதுகுக்குப் பின்னால் சுவர் வருகிற மாதிரி இடம் இருக்கிறதா என்பதுதான். ஒரு மேனேஜர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வாஸ்துவா மேடம்?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அவர் கேள்வியே கேட்கவில்லை.

இரண்டாவது இடம் ஆற்காடு சாலை மேலேயே. சுவரெல்லாம் சரியாக இருந்தது, ஆனால் வாசலில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை. என்னைக் கூட்டிப்போய்க் காட்டியது மதியச் சாப்பாட்டு நேரத்தில், அப்போது மெஷின் ஓடவில்லை. நல்லவேளை, மறுநாள் பதினோரு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் வளையம் வளையமாக அலை ஓடிக்கொண்டிருந்தது. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஏசி இரைச்சலைப் பிடிக்கும், இந்த மாதிரி இடியைப் பிடிக்காது. ஹீரோ வாய்க்குள் முணுமுணுக்கும் வசனத்தை நான் பத்து தடவை திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது. சாலிகிராமத்தில் ஒரு பழைய வீடு, முற்றத்தில் மாமரம், தரையெல்லாம் சிவப்பு ரெட் ஆக்சைடு, திண்ணையில் பிளக் பாயின்ட். மாதம் 6,000 என்றார்கள். பாதி இடத்தில் உதவி இயக்குநர்கள், டீக்கடையில் நடந்துகொண்டிருந்த டிஸ்கஷனெல்லாம் அங்கே இடம் மாறியிருந்தது. நான் உட்கார்ந்த இரண்டு மணி நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து “கட் பண்ணினா… கட் பண்ணினா…” என்று ஒரு முழுக் கதையையும் இன்டர்வெல்லோடு கேட்டு முடித்துவிட்டேன். தங்கச்சி சாவதுவரை நன்றாகத்தான் போனது, செகண்ட் ஹாஃப் உதைத்தது. எழுந்து போய்ச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. அவர்கள் கதை எனக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்டால் என் ஸ்கிரீன் அவர்களுக்கு எவ்வளவு தெரியும்? மாமரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

நான்காவதில் பாத்ரூம் வேறு மாடியில். மரக்கட்டையில் கோத்த சாவியை ரிசப்ஷனில் வாங்கிக்கொண்டு போக வேண்டும், எட்டு மணிக்கு ரிசப்ஷன் மூடிவிடும். எங்கள் வேலை பெரும்பாலும் எட்டு மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

இன்டர்நெட் விஷயத்தில் நான் ஏமாறப் பார்த்தேன். எல்லா இடத்திலும் 300 எம்பிபிஎஸ் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நான் அனுப்புகிற சப்டைட்டில் ஃபைல் நூறு கேபி சுமார் இருக்கும், அதற்கு அந்தக் காலத்து டயல்-அப் போதும். இறக்குகிற படம்தான் நான்கு ஜிபி. 100 எம்பிபிஎஸ் நிஜமாகவே வந்தால் ஐந்தரை நிமிடத்தில் வந்துவிடும், 20 வந்தால் அரை மணி நேரம் கிட்டே. சாயங்காலம் எல்லாரும் ஃபைல் ஏற்றுகிற நேரத்தில் போய் டெஸ்ட் போட்டுப் பார்த்தால்தான் எது நிஜம் என்று தெரிகிறது. இன்னொன்று, ஒரு க்ளையன்ட் குறிப்பிட்ட ஐபி முகவரியிலிருந்து மட்டும்தான் படத்தைப் பார்க்க விடுவார்கள். அதனால் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத ஐபி முகவரி, கிடைக்குமா என்று போன இடமெல்லாம் கேட்டேன். எல்லாரும் “இருக்கு மேடம்” என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்றதும் இரண்டு பேர் திரும்பக் கூப்பிடவேயில்லை.

கடைசியில் அமைந்தது ஐந்தாவது. ஒரு பழைய எடிட்டிங் சூட்டைக் கேபின் கேபினாகப் பிரித்து விட்டிருக்கிறார்கள். என்னுடையது ஆறடிக்கு ஏழடி, ஜன்னல் கிடையாது, நாலு பக்கமும் கறுப்பு ஃபோம். கதவைச் சாத்தினால் என் மூச்சு எனக்கே கேட்கிறது. பார்க்க வந்த என் அம்மா, “ஜெயில் மாதிரி இருக்குடி” என்றார். முதுகுக்குப் பின்னால் மட்டுமா, எல்லாப் பக்கமும் சுவர்.

மாதம் 8,500 என்றார்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 10,030. நான் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவள், அந்த 1,530-ஐத் திரும்ப எடுக்க வழியில்லை, அதனால் விலை கேட்கும்போதே வரியோடு கேளுங்கள். அட்வான்ஸ் இரண்டு மாதம். வீட்டுக்குப் பத்து மாதம் கேட்டுப் பழகிய ஊரில் இது பரவாயில்லை என்று உடனே நீட்டப் போனேன், தோழிதான் அக்ரிமென்ட்டை வாங்கிப் படித்தாள். ஆறு மாத லாக்-இன், நடுவில் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பாது என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. எங்கள் தொழிலில் இரண்டு படம் தள்ளிப்போனால் ஒரு மாத வருமானமே காணாமல் போய்விடும். பேசிப் பேசி மூன்று மாதத்துக்குக் கொண்டுவந்தோம். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்போம் என்ற வரியையும் அடித்துக் கையெழுத்து வாங்கினாள். ஃபோமுக்கு யார் பெயின்ட் அடிக்கிறார்கள்?

எட்டு மாதம் ஆகிறது, அங்கேதான் இருக்கிறேன். ஒன்றை மட்டும் நான் பார்க்கத் தவறிவிட்டேன். அந்த ஃபோம் அறைக்குள் செல்போன் சிக்னல் சுத்தமாக வராது. க்ளையன்ட் தளமோ ஒவ்வொரு தடவை லாகின் செய்யும்போதும் ஓடிபி கேட்கும். போனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடி, நம்பரை வாயில் சொல்லிக்கொண்டே திரும்ப ஓடிவந்து அடிப்பேன், பாதி நாள் நேரம் முடிந்து போயிருக்கும். மாடிப்படியில் நாற்காலி போட்டிருக்கும் வாட்ச்மேன் தாத்தா என் தலை தெரிந்ததுமே காலை மடக்கி வழிவிட்டு, “ஓடிபியாம்மா?” என்கிறார்.