துப்பாக்கி யார் பேச்சைக் கேட்கிறது: சில நாட்குறிப்புகள்

பிப்ரவரி 19

உலக ராணுவங்களை வரிசைப்படுத்தும் அட்டவணை ஒன்று மறுபடியும் கண்ணில் பட்டது. படைவீரர், டாங்கி, போர் விமானம், நீர்மூழ்கிக் கப்பல் என்று எண்ணிக்கை போட்டு, எந்த நாடு எத்தனையாவது இடம் என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கணக்கின் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. 2021-இல் ஆப்கானிஸ்தான் அரசின் படைபலம் காகிதத்தில் சுமார் 3 லட்சம். ஆகஸ்ட் 15 அன்று காபூல் பெரிய சண்டை எதுவும் இல்லாமலே விழுந்தது. பட்டியலில் பெயர் மட்டும் இருந்த சிப்பாய்களின் சம்பளம் யார் யார் பைக்கோ போனது. காவல் சாவடிகளில் நிஜமாகவே நின்றவர்களுக்குச் சம்பளமும் உணவும் தோட்டாவும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. விமானங்களைப் பழுதுபார்த்துவந்த வெளிநாட்டு ஒப்பந்த ஊழியர்கள் கிளம்பியதும் விமானப் படையும் முடங்கத் தொடங்கியது. அரசு தன்னைக் கைகழுவிவிட்டது என்று தெரிந்துகொண்ட சிப்பாய் யாருக்காக உயிரைக் கொடுப்பான்?

பிப்ரவரி 23

1981-இல் இதே நாள். ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் புதிய பிரதமருக்கான வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. மாலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு லெப்டினன்ட் கர்னல் டெஹேரோ, ஆட்சியைக் கவிழ்க்கும் நோக்கத்தோடு, கையில் கைத்துப்பாக்கியுடன், சுமார் 200 சிவில் காவல் படையினரைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறார். படக்கருவி ஓடிக்கொண்டிருந்ததால் அந்தக் காட்சியை இன்றும் பார்க்க முடிகிறது. நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கண் போய் நிற்பது ஒரே ஆளிடம்தான்.

அவர் குட்டியெரெஸ் மெயாடோ. 68 வயது. துணைப் பிரதமர், ராணுவத்தில் ஜெனரலாக இருந்தவர். சாதாரண உடையில் மெலிந்த உருவம். இருக்கையிலிருந்து எழுந்து நேரே ஆயுதக்காரர்களிடம் போய், கலைந்து போகும்படி அதட்டுகிறார். அவரைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். டெஹேரோ அவரைத் தரையில் வீழ்த்தப் பார்க்கிறார், கிழவர் விழவில்லை. கூரையை நோக்கித் துப்பாக்கிகள் வெடிக்கின்றன. உறுப்பினர்கள் இருக்கைகளுக்கு அடியில் பதுங்குகிறார்கள். மெயாடோ அப்படியே நிற்கிறார். பதவி விலகும் பிரதமர் சுவாரெஸும் கம்யூனிஸ்ட் தலைவர் கரியோவும் இடத்தை விட்டு அசையவில்லை.

சீருடையின் மரியாதை எது என்று அந்த அவையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. படை தனக்குச் சொந்தமில்லை, மக்கள் அனுப்பிய அவைக்குச் சொந்தம் என்ற எண்ணம் அந்த முதியவரின் உடம்பிலேயே ஊறியிருந்தது. எந்த அட்டவணையிலும் இடம்பெறாத இந்த எண்ணத்தைத்தான் ராணுவ பலத்தின் முதல் அளவுகோலாக நான் வைப்பேன்.

பிப்ரவரி 24

நேற்று எழுதாமல் விட்டது: அன்று வலென்சியா நகரில் கிளர்ச்சியாளர்களின் டாங்கிகள் தெருவுக்கே வந்துவிட்டன. நள்ளிரவு தாண்டி மன்னர் ஹுவான் கார்லோஸ் ராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி, அரசியலமைப்பின் பக்கம் நிற்பதாகச் சொன்ன பிறகே நிலைமை திரும்பியது. மறுநாள் நண்பகலில் உறுப்பினர்கள் விடுவிக்கப்பட்டார்கள். குண்டு துளைத்த ஓட்டைகளை அவையின் கூரையில் அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். சரியான முடிவு.

பிப்ரவரி 27

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்கா படையையே கலைத்துவிட்டது. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 1948 டிசம்பர் 1 அன்று அப்போதைய ஆட்சித் தலைவர் ஹோசே ஃபிகேரெஸ் தலைநகர்ப் படைத்தளத்தின் சுவரைச் சம்மட்டியால் அடித்து அதை அறிவித்தார். அந்தத் தளம் இன்று தேசிய அருங்காட்சியகம். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 1955 ஜனவரியில் நிகராகுவா பக்கமிருந்து ஆயுதக் குழுவினர் ஊடுருவியபோது, அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட வேண்டியிருந்தது; ஒரு விமானம் ஒரு டாலர் என்று 4 போர் விமானங்களை அமெரிக்கா கொடுத்தது. ஃபிகேரெஸ் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால், கைகொடுக்க ஆள் இல்லாத நாடு அவர் வழியில் போக முடியுமா என்று கேட்டால், முடியாது என்றே சொல்வேன்.

மார்ச் 3

படை வேண்டும் என்றால் அதை எப்படி வைத்துக்கொள்வது? ஜெர்மனியின் ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஹிட்லர் காலத்துப் படையின் நினைவு ஆறாத நிலையில், 1955-இல் மேற்கு ஜெர்மனி புதிய படையைத் தொடங்கியபோது, சிப்பாயைச் 'சீருடை அணிந்த குடிமகன்' என்று வகுத்தார்கள். மனித மாண்பைக் குலைக்கும் கட்டளைக்கு அவர் கீழ்ப்படிய வேண்டியதில்லை. நாடாளுமன்றம் நியமிக்கும் ஆணையர் ஒருவர் இருக்கிறார். மேலதிகாரிகளைத் தாண்டி, எந்தச் சிப்பாயும் அவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதலாம். உதிரிபாகப் பற்றாக்குறை, பாழடைந்த பாசறைகள் என்று ஆணையரின் ஆண்டறிக்கையில் எல்லாம் வெளிப்படையாக அச்சாகிறது. எதிரிக்குத் தெரிந்துவிடுமே என்று சிலர் பதறுவார்கள். எதிரியின் உளவாளிக்கு இவையெல்லாம் எப்படியும் தெரிந்திருக்கும். மூடி மறைத்தால் தெரியாமல் போவது வரி கட்டுகிறவர்களுக்கும், பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய பெற்றோருக்கும்தான்.