சராசரி ஆழம் இருபத்தோரடி

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் குடியிருக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் செசபீக் விரிகுடாவைப் பாலத்தின் மேலிருந்துதான் பார்த்திருப்பார்கள். கோடை விடுமுறைக்கு ஓஷன் சிட்டி கடற்கரைக்குப் போகிற வழியில் அந்தப் பாலம் வரும். ஏழு கிலோமீட்டர் நீளம். பின்னிருக்கையில் பிள்ளைகள் "கடல், கடல்" என்று கத்துவார்கள். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே மட்டும் பார்ப்பார். கப்பல் போவதற்காக நடுவில் நூற்றெண்பது அடிக்குமேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஓரத் தடுப்போ தாழ்வானது. பயந்தவர்களின் காரைக் காசு வாங்கிக்கொண்டு அக்கரையில் சேர்த்துவிடுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்களும் பல வருடம் அப்படிக் கடந்துபோனவர்கள்தான். பிறகு நண்பர்கள் மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு பழைய விசைப்படகை வாங்கினோம். இருபத்திரண்டு அடி நீளம், வெளியே தொங்கும் ஒற்றை எஞ்சின், நடுவில் நிழலுக்கு ஒரு துணிப்பந்தல். அன்னாபொலிஸுக்குத் தெற்கே சவுத் ரிவர் என்ற ஆற்றில் நிறுத்த இடம் கிடைத்தது. மே கடைசியில் வரும் மெமோரியல் டே முதல் செப்டம்பரின் லேபர் டே வரை, மழை பெய்யாத வார இறுதி எல்லாம் அங்கேதான்.

சஸ்குவஹன்னா ஆறு வந்து விழும் ஹாவர் டி கிரேஸ் ஊரிலிருந்து தெற்கே அட்லாண்டிக் வாய் வரை இந்த விரிகுடா முந்நூறு கிலோமீட்டருக்குமேல் நீள்கிறது. ஆனால் சராசரி ஆழம் இருபத்தோரடிதான். வளர்ந்த தென்னை ஒன்றை நட்டு வைத்தால் பாதிக்குமேல் வெளியே நிற்கும். பனி யுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது சஸ்குவஹன்னாவின் பள்ளத்தாக்கு மூழ்கி உண்டானது இது. பழைய ஆற்றின் தடம் மட்டும் அடியில் ஆழமான வாய்க்காலாக ஓடுகிறது. கென்ட் தீவின் தென்முனையில் பிளடி பாயின்ட் அருகே அது நூற்றெழுபது அடியைத் தாண்டும். மற்ற இடமெல்லாம் மேடும் சேறும். இங்கே படகு விடுகிறவனுக்கு வருகிற இன்பம், துன்பம், சாப்பாடு எல்லாமே இந்த ஆழமின்மையிலிருந்துதான் வருகின்றன என்பது என் கட்சி.

எங்களில் மூத்தவர் தூத்துக்குடிக்காரர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இது கடல் இல்லை தம்பி, குளம்" என்றார். மேரிலாந்தில் 1972 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் விசைப்படகு ஓட்டப் பாதுகாப்பு வகுப்பு முடித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் பிறந்தவர்களுக்கு விலக்கு. வயது போதும் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. அண்ணாச்சி விலக்கில் வருகிறவர். அந்தப் பெருமையோடுதான் சக்கரத்தைப் பிடித்தார்.

தென்காற்று எழும்பிய ஒரு பிற்பகலில் குளம் தன் குணத்தைக் காட்டியது. ஆழமில்லாத தண்ணீரில் அலை நீண்டு படுக்க இடம் கிடையாது. குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பி, மூன்று நான்கு வினாடிக்கு ஒன்றாக வந்து அறையும். கடல் வற்றும் நேரத்தில் நீர் தெற்கே இறங்கும்போது காற்று தெற்கிலிருந்து எதிர்த்து வீசினால் இன்னும் மோசம். மூன்றடி அலைதான், ஆனால் ஒன்றின் முதுகிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது மூக்கில் ஏறும். பெருங்கடலின் ஆறடி அலையில் படகு ஏறி இறங்கும், இங்கே மூன்றடியில் பல் நடுங்கும். அண்ணாச்சி துறைக்கு வரும்வரை பேசவில்லை. கயிற்றைக் கட்டிவிட்டு, "குளத்துக்கு இவ்வளவு கோபம் ஆகாது" என்றார். அந்தக் குளிர்காலத்தில் வகுப்பில் சேர்ந்து சான்றிதழும் வாங்கிவிட்டார், யாரும் கேட்கவில்லை.

கோடையில் இன்னொரு தொல்லை மேற்கிலிருந்து வரும். காலையில் கண்ணாடிபோலக் கிடக்கும் நீர். மூன்று மணிக்குமேல் இடிமேகம் திரண்டு, அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் திரும்புவது என்று வைத்திருக்கிறோம். வானொலியில் சிறு படகுகளுக்கான எச்சரிக்கை இருந்தால் கிளம்புவதே இல்லை. உயிர்காப்புச் சட்டை விஷயத்தில் மட்டும் ஒரு வழக்கு நடந்தது. இருபத்தோரடிக்குக் குறைவான படகுகளில் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதை அணிந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். எங்கள் படகு இருபத்திரண்டு அடி ஆயிற்றே என்று பிள்ளைகள் வாதாடினார்கள். அம்மாக்களிடம் எடுபடவில்லை.

வழக்கமாகப் போகிற இடம் தாமஸ் பாயின்ட் கலங்கரை விளக்கம். கரையிலிருந்து ஒரு மைலுக்குமேல் தள்ளி, தண்ணீருக்கு நடுவே இரும்புக் கால்களில் நிற்கும் அறுகோண மர வீடு அது. 1875-இல் கட்டியது. அதற்குமுன் முனையின் நிலத்தில் கல்கோபுரங்கள் கட்டிப் பார்த்தார்கள்; கரை அரித்துக்கொண்டே போனதால் தண்ணீருக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். கல் கட்டடத்தைச் சேறு தாங்காது. எனவே இரும்புத் தூண்களின் நுனியில் திருகு வைத்து, சேற்றுக்குள் முறுக்கி இறக்கி, மேலே வீட்டை ஏற்றினார்கள். 1986 வரை உள்ளே ஆள் குடியிருந்தார்கள். பிறகுதான் தானியங்கி வந்தது. சிவப்புக் கூரை, வெள்ளைச் சுவர், சுற்றிலும் வராந்தா. எஞ்சினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் மிதந்தால் தூண்களுக்கிடையில் தண்ணீர் அடிக்கிற ஓசை கேட்கும். வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவர் கணக்குப் போடுவார். ஐடி துறையில் இருந்தாலும் ரத்தம் அப்படி.

கால்வாய்களை அடையாளம் காட்டும் கம்பங்கள் எல்லாவற்றிலும் விரால் அடிப்பான் பருந்துகள் கூடு கட்டியிருக்கும். மார்ச் நடுவில் தெற்கேயிருந்து வந்துவிடும். பச்சைப் பலகை எண் தெரியாத அளவுக்குச் சுள்ளி அடுக்கிவைத்து, நாம் நெருங்கினால் நம்மையே அதட்டும். அந்தக் கம்பத்தை மதிக்காமல் குறுக்கே போனால் என்னவாகும் என்பதை எங்களோடு வாடகைப் படகில் வந்த இன்னொரு கூட்டம் காட்டியது. வை ஆற்றுக்குப் போகும் வழியில், "நேரே போனால் கிட்டம்" என்று மூலையை வெட்டினார்கள். ஒரு உறுமல், பின்னால் காப்பி நிறத்தில் சேறு, படகு நின்றுவிட்டது. கடலேற்றத்தில் நீர் உயரட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை. இந்தப் பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஓரடிதான். எஞ்சினைத் தூக்கிவிட்டு நான்கு பேர் இறங்கினார்கள். கரையிலிருந்து அரை மைல் தள்ளி, விரிந்த விரிகுடாவின் நடுவே, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளினார்கள். பாலத்திலிருந்து பார்த்துக் கடல் என்று கத்தியவர்களுக்கு அந்தப் படத்தை அனுப்பிவைத்தோம்.

வை ஆறும் மைல்ஸ் ஆறும் சேருகிற பக்கம்தான் எனக்கு மிகப் பிடித்தது. மைல்ஸ் ஆற்றங்கரையில் செயின்ட் மைக்கேல்ஸ் என்ற சிற்றூர். படகிலேயே போய்த் துறையில் கட்டிவிட்டு, நடந்து போய் ஐஸ்கிரீம் வாங்கலாம். அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில், 1879-இல் கட்டிய ஹூப்பர் நீரிணைக் கலங்கரை விளக்கத்தை 1966-இல் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏறிப் பார்க்கலாம். ஆனால் இந்தக் கரையின் அழகைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. பின்னாளில் அடிமை முறையை ஒழிக்கப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் இந்த வட்டாரத்தில் அடிமையாகப் பிறந்தவர்; 1830-களில் செயின்ட் மைக்கேல்ஸிலும் அதன் அக்கம்பக்கப் பண்ணையிலும் அடிபட்டு வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் நின்று செசபீக்கில் போகும் வெள்ளைப் பாய்களைப் பார்த்து, அவை விடுதலையாகத் திரிகின்றனவே, நான் கட்டுண்டு கிடக்கிறேனே என்று உருகியதை அவரே எழுதியிருக்கிறார். அதே தண்ணீரில் பொழுதுபோக்குக்குப் படகு விடுகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிப் பாடத்தில் அவரைப் படித்திருந்த எங்கள் பெண் பிள்ளைதான் இந்த இடம் அது என்று எங்களுக்குச் சொன்னாள்.

இனி நண்டு. இங்குள்ள நீல நண்டு நம் ஊர் நீலக்கால் நண்டுக்குப் பங்காளி. இரண்டும் துடுப்புக்கால் உள்ள நீந்தும் நண்டுகள். தூண்டிலும் வேண்டாம், வலை வீசவும் வேண்டாம். கோழிக்கழுத்தைக் கயிற்றில் கட்டி இறக்கி, நண்டு பிடித்து இழுப்பது விரலில் தெரிந்ததும் மெதுவாக, மிக மெதுவாக மேலே கொண்டுவந்து, கை வலையை அடியில் செலுத்த வேண்டும். நிழல் விழுந்தால் விட்டுவிடும். பிடித்ததும் புரட்டி வயிற்றைப் பார்க்க வேண்டும். வயிற்று மடல் வாஷிங்டன் நினைவுத் தூண்போல ஒல்லியாக இருந்தால் ஆண். நாடாளுமன்றக் குவிமாடம்போல அகன்றிருந்தால் வளர்ந்த பெண். பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்கள் பெண் நண்டை எடுக்கக் கூடாது. ஆணும் முனைக்கு முனை ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். ஜூலை 15 முதல் ஐந்தே கால். அளவுகோலை வைக்கும்போதுதான் விரலைக் கவ்வும்.

உள்ளூர்க்காரர்கள் நண்டை முழுதாக, வினிகரும் பீரும் ஊற்றி ஆவியில் வேகவைத்து, ஓல்ட் பே பொடியை அள்ளி அப்பி, காகிதம் விரித்த மேசையில் கொட்டி, மரச் சுத்தியலால் உடைத்துச் சாப்பிடுவார்கள். அந்தப் பொடியை உருவாக்கியவர் நாஜிகளிடமிருந்து தப்பிப் பால்டிமோருக்கு வந்த குஸ்தாவ் புருன் என்ற ஜெர்மானிய யூதர். நல்ல பொடிதான். ஆனால் மசாலா ஓட்டின்மேல் இருக்கிறது, சதை உள்ளே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைப்பது நம் விரல். அண்ணாச்சி இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். நண்டைச் சுத்தம் செய்து இரண்டாக உடைத்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, சின்ன வெங்காயத்தோடு பிரட்டி எடுப்பார். பக்கத்துப் படகுக் கிழவர் ஒருமுறை ருசி பார்த்துவிட்டு, அதன்பிறகு ஞாயிறு மாலை எங்கள் பக்கமே உலாவுகிறார். அவர்தான் வாழைப்பழத்தைப் படகில் ஏற்றக் கூடாது, துரதிர்ஷ்டம் என்று சொல்லிப் பறிமுதல் செய்கிறவரும். அமெரிக்கப் படகுக்காரர்களுக்கு அது பெரிய சகுனத் தடை. புளியோதரைக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு வேடிக்கை: இங்கே உணவகங்களில் விற்கும் நண்டு வடைகளில் எல்லாமே செசபீக் நண்டு இல்லை. இறக்குமதியான சதையும் நிறைய. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடித்த நீலக்கால் நண்டின் சதை பதப்படுத்தி அமெரிக்காவுக்குப் பெருமளவில் வந்திருக்கிறது. அண்ணாச்சி இப்போது உணவகத்தில் பரிசாரகரிடம் இதைக் கேட்காமல் விடுவதில்லை.

ஜூலை, ஆகஸ்டில் நீச்சல் அவ்வளவாக நடக்காது. சொறி என்கிற கொட்டும் ஜெல்லிமீன் வந்துவிடும். உவர்ப்பு பாதியாகக் கலந்த நீர்தான் அதற்குப் பிடித்தது. வசந்தத்தில் மழை அதிகம் பெய்து சஸ்குவஹன்னா நன்னீரைக் கொட்டிய வருடத்தில் குறைவு. வறண்ட வருடத்தில் குதிக்கவே முடியாது.

ஜூலை 4 இரவு வாணவேடிக்கைக்கு அன்னாபொலிஸில் செவர்ன் ஆற்றின் வாயில் படகுகள் கூடும். எங்களைப் போன்றவர்கள் தெரிந்த படகுகளை ஒன்றோடொன்று பக்கவாட்டில் கட்டி, ஒரே நங்கூரத்தில் மிதப்போம். நங்கூரத்துக்கு ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். ஆழம் குறைவு என்பதால் கயிறு மிச்சம். இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்குத் தயிர் சாதம் போகும், அங்கிருந்து சோளம் வரும். வேடிக்கை முடிந்த அடுத்த நிமிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். அதுதான் உண்மையான வாணவேடிக்கை. புகை தண்ணீர்மேல் இறங்கிவிடும். சிவப்பு விளக்கு தெரிந்தால் அந்தப் படகின் இடப்பக்கம், பச்சை தெரிந்தால் வலப்பக்கம், இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நம்மை நோக்கியே வருகிறது. ஒருமுறை எங்கள் நங்கூரத்தை இழுத்தபோது கூடவே இன்னொருவர் கயிறும் வந்தது. கரும்சேறு, அழுகிய முட்டை நாற்றம். அதை அவிழ்க்கிற நேரத்தில் அந்தப் படகுக்காரர் எங்களுக்குக் குளிர்ந்த தர்பூசணி வெட்டிக் கொடுத்தார். சண்டை போடவே வழியில்லை.

பால்டிமோர் துறைமுகத்துக்குப் போகும் பெருங்கப்பல்களுக்கு ஐம்பதடி ஆழத்துக்குத் தோண்டிய வழித்தடம் இருக்கிறது. அதைவிட்டு அவை விலக முடியாது, விலகினால் சேறு. ஆகவே ஒதுங்க வேண்டியது நாம்தான். 2024 மார்ச் 26 அன்று அந்தத் துறைமுகத்தின் வாயிலில் இருந்த பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின்மேல் மோதி அதை வீழ்த்திய டாலி கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். மாலுமிகள் இருபத்தொருவரில் இருபது பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். வாரக்கணக்கில் அந்தக் கப்பலிலேயே அடைந்து கிடந்தார்கள். பிறகு ஒரு முறை வடக்கே படாப்ஸ்கோ ஆறு வரை போய்ப் பார்த்தோம். 1977-இல் திறந்த பாலம் நின்ற இடத்தில் வெறும் வானம்.

வரப்போகிறவர்களுக்கு: வாடகைக்கு எடுப்பதானால் அக்டோபர் முதல் வாரம் வாருங்கள். சொறி போயிருக்கும், இடி குறைந்திருக்கும், நண்டு கொழுத்திருக்கும், படகுகளில் பாதி இருக்காது. நவம்பரில் எங்கள் படகைக் கிரேனில் தூக்கிக் கரையேற்றி, எஞ்சினில் தண்ணீர் உறையாமல் மருந்து விட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சுற்றிவைப்போம். அன்றைக்குத்தான் மூன்று குடும்பத்துக் கணக்கும் தீரும். அடுத்த வருடம் படகை விற்றுவிடலாம் என்று யாராவது ஒருவர் சொல்வார். போன முறை சொன்னது நான். பில்லைக் கூட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி தலையைத் தூக்காமல், "முதலில் உன் பங்கைக் கொடு தம்பி" என்றார்.