தொழில்முறை ஹொக்கிக்கு எப்போது போவது: ஒரு பல்கலைக்கழக அணியின் அருகிலிருந்து கற்றவை

ஒன்ராறியோவில் ஐஸ் ஹொக்கி விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இவன் புரோவாகப் போகத் தயாரா?" நான் ஸ்காபரோவில் வளர்ந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உடலியக்கவியல் படித்தவன். படித்த காலம் முழுவதும் அங்கிருந்த ஆண்கள் ஹொக்கி அணிக்குக் காணொளி வெட்டிக் கொடுக்கும் மாணவ உதவியாளனாக இருந்தேன். களத்தில் ஆடும் திறமை எனக்கு இருக்கவில்லை. ஆடியவர்களின் ஒவ்வொரு ஷிஃப்டையும், அதாவது ஒருவர் களத்தில் இறங்கி வெளியேறும் வரையான ஒவ்வொரு தடவையையும், திரும்பத் திரும்பப் பார்க்கும் வேலை இருந்தது. அந்த அணியிலிருந்து சிலர் இரண்டாம் வருடத்திலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் போனார்கள், சிலர் பட்டம் பெற்ற பின் போனார்கள், போயிருக்க வேண்டியவர்கள் சிலர் போகவேயில்லை. அவர்களைப் பார்த்தும் அதன் பிறகு தொடர்ந்து வாசித்தும் எனக்கு ஏற்பட்ட தெளிவை, இந்த வருடம் முடிவெடுக்க வேண்டிய குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செப்டெம்பர் 15 ஆம் திகதிக்குள் 18 வயதை எட்டும் வீரர் வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.இன் அந்த வருடத்து ட்ராஃப்டுக்கு, அதாவது அணிகள் இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வுக்குத் தகுதி பெறுகிறார். 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் இருநூறுக்கு மேற்பட்டோரைத் தெரிவு செய்கின்றன. தெரிவு செய்யப்பட்டதால் வேலை கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது. அந்த வீரரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்குக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திடுபவருக்கு முதல் ஒப்பந்தம் மூன்று வருடங்களுக்கானது. 18 அல்லது 19 வயதில் கையெழுத்திட்டவர் ஒரு பருவத்தில் பத்து என்.எச்.எல். ஆட்டங்களை எட்டாவிட்டால் அந்த வருடம் ஒப்பந்தக் கணக்கில் சேராமல் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும். ஒரு பதினெட்டு வயதுப் பையன் ஒக்டோபரில் ஒன்பதாவது ஆட்டத்தை முடித்ததும் செய்தியாளர்கள் பரபரப்பாவது இதனால்தான்.

ஜூனியர் வழியில், அதாவது பெரும்பாலும் பதின்ம வயதினர் ஆடும் ஓ.எச்.எல். உள்ளிட்ட மூன்று லீக்குகள் சேர்ந்த சி.எச்.எல். வழியில் போகும் பிள்ளைக்கு இன்னொரு கட்டும் உண்டு. ட்ராஃப்டில் எடுக்கப்பட்ட 18, 19 வயது சி.எச்.எல். வீரர் ஒன்றில் என்.எச்.எல்.இல் ஆட வேண்டும், இல்லையேல் தன் ஜூனியர் அணிக்கே திரும்ப வேண்டும், நடுவிலிருக்கும் தொழில்முறை லீக்கான ஏ.எச்.எல்.இல் முழுப் பருவம் ஆட நெடுங்காலமாகவே அனுமதி இருக்கவில்லை. என்.எச்.எல்.உம் வீரர் சங்கமும் 2025 இல் எட்டிய கூட்டு உடன்பாடு 19 வயதினர் விடயத்தில் இதைத் தளர்த்தும் திசையில் போகிறது. சி.எச்.எல்.ஐத் தொடாமல் பல்கலைக்கழகத்திலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை.

எங்கள் பெற்றோர் தலைமுறை அஞ்சிய பெரிய விதி இப்போது இல்லை. முன்பு சி.எச்.எல்.இல் ஆடத் தொடங்கிவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளின் கதவு மூடிவிடும். ஆகவே ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, தன் படிப்பைப் பற்றி எதுவுமே தெரியாத நிலையில், படிப்பையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றியது. 2025 ஓகஸ்ட் 1 முதல் புதிய விதி நடைமுறையில் இருக்கிறது. மெடிசின் ஹட் ஜூனியர் அணியின் நட்சத்திரமாக இருந்த கவின் மக்கென்னா அதே வருடம் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனது, வழி உண்மையிலேயே திறந்துவிட்டது என்பதை எல்லாருக்கும் காட்டியது. ஆனால் என்.எச்.எல். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு அந்தக் கதவு இன்றும் மூடியேதான் இருக்கிறது. ஆகவே ஜூனியரா பல்கலைக்கழகமா என்று பதினாறு வயதில் குடும்பங்கள் படும் கவலையில் பாதியை இனி அந்தக் கையெழுத்துக்காகச் சேமித்து வைக்கலாம். திரும்பப் பெற முடியாதது அது ஒன்றுதான்.

இனி விடயத்துக்கு வருகிறேன். தயாரா என்று கேட்கும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது புள்ளிக் கணக்கை: எத்தனை கோல், எத்தனை அசிஸ்ட். அந்தக் கணக்கு ஒருவன் இப்போதைய லீக்கில் எவ்வளவு நல்லவன் என்பதைச் சொல்லும். அடுத்த லீக்கைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. காணொளி அறையில் நான் கற்றுக்கொண்ட அளவுகோல் வேறு. அவனுடைய தவறுகளுக்கு இந்த லீக் இன்னும் விலை கேட்கிறதா என்று பாருங்கள். எங்கள் அணியில் இடப்பக்கத்தில் ஆடிய ஒரு பின்வரிசை ஆட்டக்காரன் இருந்தான். பக்கை (ஹொக்கி வட்டை) எடுத்துக்கொண்டு எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைத் தாண்டி உள்ளே போய்விடுவான்; பக் பறிபோனாலும் தன் வேகத்தால் திரும்பி வந்து எதிராளியைப் பிடித்துவிடுவான். அரங்கிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வீரம். அவனது ஷிஃப்டுகளை மட்டும் வெட்டி அடுக்கிப் பார்த்தால், பக் பறிபோகும் இடம் எப்போதும் ஒன்றாகவே இருந்தது. கோலாக மாறியது மட்டும் மிக அரிது. நல்ல எதிரணிகள் வந்த இரவுகளில்தான் அது கோலாக மாறியது, மறுநாள் பயிற்சியில் அவன் அதைப் பற்றிப் பேசவும் தயாராக இருந்தான். அந்த வசந்தத்தில் அவனை ட்ராஃப்டில் எடுத்திருந்த அணி ஒப்பந்தத்தோடு வந்தது. எங்கள் துணைப் பயிற்றுநர் அவனைத் தடுக்கவில்லை. மாதத்துக்கு இரண்டு இரவுகளாவது இங்கே இன்னும் தண்டனை கிடைக்கிறது, அதில் கற்க வேண்டியது முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். அவன் இன்னொரு வருடம் இருந்தான். அடுத்த பருவத்தின் நடுப்பகுதியில் அந்த நீலக்கோட்டில் நின்று பார்த்துவிட்டுப் பக்கைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தான். அதன் பிறகு அந்த லீக்கில் அவனைத் திருத்த எதுவும் மிஞ்சவில்லை. அந்தப் பருவம் முடிந்த வசந்தத்தில் அவன் போனது சரியான போக்கு என்பதில் யாருக்கும் ஐயமிருக்கவில்லை.

இந்த அளவுகோலுக்கு மறுபக்கமும் உண்டு. தவறுகளுக்கு விலையே இல்லாத இடத்தில் ஒருவனை மேலும் ஒரு வருடம் வைத்திருப்பதும் கேடுதான். பக்கை வைத்துக்கொண்டு மூவரைத் தாண்டிப் போகலாம் என்று ஜூனியரில் பழகிய கை, அதை மறப்பதற்கு மேல்மட்டத்தில் நீண்ட காலம் எடுக்கும். "இன்னும் ஒரு வருடம் இருந்தால் நல்லதுதானே" என்று எங்கள் வீடுகளில் சொல்வது பாதுகாப்பான பேச்சுப் போலத் தோன்றும். அது எப்போதும் பாதுகாப்பானதாக இருப்பதில்லை.

பொதுவெளியில் தெரிந்தவர்களை எடுத்தால், காத்திருந்ததற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று கேல் மக்கார். 2017 ட்ராஃப்டில் நான்காவதாக அவரை எடுத்த கொலராடோ அணி அடுத்த கோடையிலேயே ஒப்பந்தம் செய்ய விரும்பியது. அவர் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்கே இரண்டாம் வருடத்துக்குத் திரும்பினார். அந்தப் பருவத்தில் அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியின் மிகச் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருதைப் பெற்று, தன் அணியைத் தேசிய இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். 2019 ஏப்ரல் 13 அன்று அந்த இறுதியில் தோற்றார். இரண்டு நாள் கழித்துக் கல்கரிக்கு எதிரான பிளேஓஃப் (பருவ இறுதி வெளியேற்றுச் சுற்று) ஆட்டத்தில் தொழில்முறையாக முதல்முறை களமிறங்கி அன்றே கோலும் போட்டார். 2022 இல் ஸ்டான்லி கிண்ணம் வென்ற கொலராடோ அணியில் பிளேஓஃபின் மதிப்புமிக்க வீரர் அவரே. முதல் வருட முடிவிலேயே போயிருந்தாலும் அவர் பெரிய வீரராகியிருக்கலாம். ஆனால் இரண்டாம் வருடம் அவர் பெற்றது அணியின் முழுப் பாரத்தையும் தாங்கும் பழக்கம், ஓர் என்.எச்.எல். அணியில் 19 வயதில் அது மிகச் சிலருக்கே கொடுக்கப்படுகிறது.

இதை வயதுக் கணக்காகப் புரிந்துகொள்ளக் கூடாது. மக்லின் செலெப்ரினி பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம்தான் ஆடினார். 38 ஆட்டங்களில் 64 புள்ளிகள் எடுத்து, ஹோபி பேக்கர் விருது பெற்றவர்களிலேயே மிக இளையவரானார். 2024 ட்ராஃப்டில் சான் ஹோசே அணி அவரை முதலாவதாக எடுத்தது. பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவதா என்று யோசித்துவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 18 வயதில் போனது அவருக்குச் சரியாகவே இருந்தது. அவருடைய ஆட்டத்தில் நான் கவனித்தது புள்ளிகளைவிடப் பக் இல்லாத வேளைகளைத்தான்: எதிரணி தாக்கும்போது நடுவரிசை ஆட்டக்காரன் செய்ய வேண்டிய வேலையை அவர் பல்கலைக்கழகத்திலேயே பெரியவர்களைப் போலச் செய்துகொண்டிருந்தார்.

ஷேன் ரைட்டின் கதை பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டியது. பதினைந்து வயதிலேயே விசேட அனுமதியோடு ஓ.எச்.எல்.இல் ஆடத் தொடங்கியவர். 2022 இல் சியாற்றில் அணி நான்காவதாக எடுத்தது. 2022-23 பருவத்தில் அவர் என்.எச்.எல்.இல் எட்டு ஆட்டங்கள் ஆடினார், பல இரவுகள் உடை மாற்றாமல் மேலிருந்து பார்த்தார், ஏ.எச்.எல்.இல் சில ஆட்டங்கள் ஆடினார், உலக ஜூனியர் போட்டியில் கனடாவின் தலைவராகத் தங்கம் வென்றார், பிறகு ஓ.எச்.எல்.க்குத் திரும்பி அங்கும் கிங்ஸ்டனிலிருந்து வின்ட்சருக்கு மாற்றப்பட்டார். ஒரே குளிர்காலத்தில் இத்தனை உடைமாற்று அறைகள். அடுத்த பருவத்தின் பெரும்பகுதியை ஏ.எச்.எல்.இல் அமைதியாக ஆடி முடித்த பிறகுதான் நிலைபெற்றார். 2024-25 இல் 79 ஆட்டங்களில் 19 கோல்கள். அவருடைய திறமை அந்த முதல் வருடத்திலும் இருந்தது, நாற்றங்காலிலிருந்து பிடுங்கிய பயிரை நடுவதற்கு வயல்தான் இருக்கவில்லை. மேல் லீக் அவருக்குப் பெரிதாகவும் கீழ் லீக் சிறிதாகவும் இருந்தன. நடு லீக்கில் அந்த வருடம் முழுப் பருவம் ஆட விதி இடம் தரவில்லை. ஆகவே உங்கள் பிள்ளை கையெழுத்திடுமுன், என்.எச்.எல்.இல் இடம் கிடைக்காவிட்டால் ஜனவரி மாதத்தில் அவன் எந்த ஊரில், எந்த அணியில், எத்தனை நிமிடம் ஆடுவான் என்பதைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் அவசரப்பட வேண்டாம்.

ஜோ தோர்ன்டன் 1997 ட்ராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டு, பொஸ்ரனில் முதல் பருவத்தில் 55 ஆட்டங்களில் மூன்று கோல்கள் மட்டுமே போட்டவர். பிற்காலத்தில் லீக்கின் மதிப்புமிக்க வீரருக்கான விருதையும் வென்றார். இதைச் சொல்லி ஆறுதல் தேடும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். தோர்ன்டனுக்குக் கிடைத்த அளவுக்குப் பொறுமையான ஓர் அணி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பதைத்தான் அவர்களுக்குச் சொல்வேன். ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட பையனுக்கு அந்தப் பொறுமை ஒருபோதும் வாய்க்காது.

உடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக அணி ஒரு பருவத்தில் ஏறத்தாழ நாற்பது ஆட்டங்கள்வரை ஆடும், பெரும்பாலும் வெள்ளியும் சனியும். வாரத்தின் மீதி நாட்கள் பயிற்சிக்கும் பளுதூக்கலுக்கும் உரியவை. ஓ.எச்.எல்.இல் 68, ஏ.எச்.எல்.இல் 72 ஆட்டங்கள். உடல் இன்னும் நிரம்பாத பிள்ளைக்குப் பல்கலைக்கழக அட்டவணை கொடுக்கும் இடைவெளி வேறெங்கும் கிடைக்காது. உடல் ஏற்கனவே முதிர்ந்து, அடுத்தடுத்த இரவுகளில் ஆடிப் பழக வேண்டியவனுக்கு அதே இடைவெளி வீண்.

பணம் பற்றி வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். முதல் ஒப்பந்தத்தின் உச்சச் சம்பளம் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் அளவில் இருக்கும். ஆனால் அது என்.எச்.எல்.இல் இருக்கும் நாட்களுக்கு மட்டுமே. கீழே அனுப்பப்பட்டால் அதே வீரரின் சம்பளம் வருடத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் குறைவு. காத்திருப்பதிலும் பேரம் உண்டு: நாஷ்வில் அணி ட்ராஃப்டில் எடுத்திருந்த ஜிம்மி வேசி ஹாவர்டில் நான்கு வருடமும் படித்து முடித்தார், அவர் மீதான உரிமை பஃபலோ அணிக்கு மாற்றப்பட்டு அதுவும் காலாவதியானதும் 2016 ஓகஸ்டில் தானே விரும்பி நியூயோர்க் ரேஞ்சர்ஸோடு கையெழுத்திட்டார்.

போவது என்று முடிவானால் படிப்பை அறுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கல்லூரிப் பருவம் மார்ச்சில், மிஞ்சிப்போனால் ஏப்ரலில் முடியும். ஒப்பந்தங்கள் அந்த வாரமே வரும். பரீட்சையோ மே மாதத்தில். எங்கள் அணியில் போனவர்களில் கெட்டிக்காரர்கள் பெப்ரவரியிலேயே கல்வி ஆலோசகரைச் சந்தித்து, எந்தப் பாடங்களை இணையவழியில் முடிக்கலாம், எவற்றுக்குக் கால நீட்டிப்புக் கேட்கலாம் என்று எழுத்தில் பெற்றுக்கொண்டார்கள். சொல்லாமல் போனவர்களின் சான்றிதழில் சித்தியடையாத பாடங்கள் நின்றன. பின்னாளில் பட்டத்தை முடிக்க வந்தபோது அவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. ஜூனியர் வழியில் போனவர்கள், ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஈடாகக் கிடைக்கும் கல்விக் கொடுப்பனவு தொழில்முறை ஒப்பந்தத்தால் எப்படிப் பாதிக்கப்படும் என்பதைக் கையெழுத்துக்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

கடைசியாக, அந்த அணியிடம் நேராகக் கேட்க வேண்டியவை. அவனுடைய இடத்தில் அவனுக்கு முன்னால் யார் யார் இருக்கிறார்கள், அவர்களின் ஒப்பந்தங்கள் எப்போது முடிகின்றன? எதிரணி தண்டனையால் ஆள் குறைந்து ஆடும் பவர் பிளேயிலும், தன் அணி அப்படி ஆள் குறைந்து தற்காக்கும் வேளையிலும் அவனுக்கு இடமுண்டா? ஏ.எச்.எல்.இல் எந்தப் பயிற்றுநரிடம் அவன் போவான்? நன்றாக நடத்தப்படும் அணிகளின் வளர்ச்சிப் பொறுப்பாளர்கள் இவற்றுக்குப் பெயரும் மாதமும் குறித்துப் பதில் சொல்வார்கள். "செப்டெம்பர் முகாமில் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னால், இலையுதிர்காலத்தில் வகுப்புக்குப் பதிவு செய்துவிடுங்கள்.